பொழுதோடு சாப்பிட்ட அணி

கையுறைகளைக் கொடியில் காயப்போட்டிருக்கக் கூடாது. உள்ளே ஃபேனுக்கு அடியில் விரித்துப் போட்டிருக்கலாம். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்து, ஹர்ஷினியைப் பள்ளிக்கூட வேனுக்குத் தயார் செய்கிற அவசரத்தில், அலசிய கையோடு ஜெயமதி அவற்றை வாசல் கொடியிலேயே போட்டுவிட்டாள். கணவன் ரிஷபின் வேட்டிக்கும் மகளின் சீருடைக்கும் நடுவே ஆரஞ்சும் கறுப்புமாக இரண்டு பெரிய உள்ளங்கைகள் தெருவைப் பார்த்துத் தொங்கின. பால் வாங்கிக்கொண்டு திரும்பிய எதிர்வீட்டு வெள்ளையம்மாள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னா ஜெயா, கரண்டு ஆபீஸ்காரங்க கிளவுஸ் மாறி இருக்குது? யாருக்கு இது?”

“அவருக்குத்தான்க்கா. மண்டியில மூட்ட தூக்கும்போது கை காச்சுப் போவுதுன்னு வாங்கினாரு.”

“ரிஷபு எப்போலேர்ந்து மூட்ட தூக்குறாரு? ஆளுங்கள நிறுத்திட்டீங்களா?”

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஜெயமதி உள்ளே போய்விட்டாள். மதியத்துக்குள், நிலக்கடலை வாங்கி விற்கிற ரிஷபின் மல்லாட்டை மண்டியில் வியாபாரம் படுத்துவிட்டது, முதலாளியே மூட்டை சுமக்கிறார் என்று திண்டிவனத்தில் அந்தத் தெரு முழுக்கப் பேசிக்கொண்டது. முப்பத்து நாலு வயதில், பள்ளிக்கூடம் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு, பந்து பிடிக்கப் போகிறேன் என்று சொல்வதைவிட வியாபாரம் படுத்ததே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் ஓடுவதற்குக்கூட உடம்பு குறைக்க டாக்டர் சொன்னதாகத்தான் கணக்குக் காட்டியிருந்தாள். உண்மையான காரணம் தெரிந்தவர் ரிஷப் ஒருவர்தான்.

அது ஆரம்பித்தது போனில் வந்த ஒரு படத்திலிருந்து. பெண்கள் கால்பந்தில் நாட்டின் உச்சத்தில் இருக்கிற மகளிர் லீக்குக்கு, கீழ்ப் பிரிவில் ஜெயித்து மேலே ஏறியிருந்தது சென்னைக் கிளப் ஒன்று. கோப்பையைச் சுற்றிக் குதிக்கிற பெண்களுக்கு ஓரத்தில், தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, யாரையோ திட்டுகிற முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள் கலையரசி. உதவிக் கோச் என்று கீழே போட்டிருந்தது. கோலியனூர் கலையரசி. விழுப்புரம் மாவட்ட அணியில் ஜெயமதி கோலில் நின்ற காலமெல்லாம் கேப்டனாக இருந்தவள். ஜெயமதி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தத் திட்டுகிற முகத்தைப் பார்த்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனையோ வருஷம் கழித்துத் தானாகவே போன் போட்டு வாழ்த்தும் சொன்னாள். பேச்சு முடிகிற நேரத்தில் கலையரசி, “உன்ன ஒருநா நேர்ல வந்து பாக்கணும் ஜெயா. வர்ற சீசன் விஷயமா பேசணும். போன்ல வாணாம்” என்றாள்.

இதற்கு வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? கோலில் நின்றவளிடம் சீசன் விஷயமாகப் பேச வேறென்ன இருக்கிறது? மறுநாள் விடிவதற்குள் ஜெயமதி ஏரிக்கரையில் இருந்தாள். முதல் நாள் மதகு வரைக்கும்கூட ஓட முடியவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆனாலும் அன்று முழுக்கச் சமையலறையில் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். ரிஷப் விஷயத்தைக் கேட்டு ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. அவர் யோசிக்கிறபோது அப்படித்தான், மண்டியில் விலை சொல்லும்போதும் அதே முகம்தான். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “எத்தன மாசம் வெளிய இருக்கணும்?” என்று கேட்டார். அப்புறம், “ஹர்ஷினிய அம்மா வந்து பாத்துக்குவாங்க. மழ முடிஞ்சாத்தான ஆட்டம் ஆரம்பிக்குது, பரவால்ல” என்றார். அதற்கும் அப்புறம், தன் கையையே அளவு வைத்துப் புதுச்சேரியிலிருந்து கையுறைகளை வாங்கிவந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். ஒரு சைஸ் பெரிது. ஜெயமதி அதைச் சொல்லவே இல்லை.

விழுப்புரம் ஜங்ஷனை இப்போது கடந்தாலும் அவளுக்கு அந்த நாட்கள்தான் ஞாபகத்துக்கு வரும். திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தபடி போவாள். விழுப்புரத்தில் இறங்கி மைதானத்துக்கு நடக்கிற வழியில் கோலியனூர் பஸ்ஸிலிருந்து கலையரசி குதித்து வந்து சேர்ந்துகொள்வாள். அவள் பாவாடைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை இருக்கும். வழியெல்லாம் தோலை ஊதிக்கொண்டே நடப்பார்கள். புல்லே இல்லாத மைதானம். பாய்ந்து விழுந்தால் முட்டியில் செம்மண்ணும் ரத்தமும் கலந்து ஒரு நிறம் வரும். அந்த நிறத்தோடு ரயிலேறி வீட்டுக்குப் போனால் அம்மா தலையில் கைவைத்துக்கொள்வாள். அப்பா சாந்திராஜ் ஒன்றும் சொல்ல மாட்டார். நயினார் வீட்டுப் பெண் பந்து விளையாடுவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர் அவர்தான். மகளிடம் அவர் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. எந்த ஊருக்குப் போனாலும் பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதையும் வைக்கக் கூடாது. நயினார் என்கிற தமிழ் ஜைன வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அது ஒன்றும் புதிதில்லை. சரி என்றாள்.

சொன்ன வார்த்தை எவ்வளவு பெரியது என்பது திண்டுக்கல்லில் மாநிலப் போட்டிக்குப் போனபோதுதான் தெரிந்தது. சாயங்காலம் ஆட்டம் முடிந்து, குளித்து, வரிசையில் நின்று தட்டு கைக்கு வரும்போது வெளியே நட்சத்திரம் தெரியும். முதல் நாள் ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை ஆட்டத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கோச் நெடுஞ்செழியன் சார் முகத்தில் தண்ணீர் தெளித்து விஷயத்தைக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற கலையரசிக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. நேராகச் சமையல்காரரிடம் போனாள். ஒருத்திக்காக முன்னாடியே அடுப்பு மூட்ட முடியாது என்று அவர் சொன்னார். “யாரு சொன்னா ஒருத்தின்னு? எங்க டீமே நயினாருங்கதான். மொத்தப் பேருக்கும் பொழுதோட சோறு வேணும்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு வந்தாள்.

சமையல்காரர் நல்ல மனிதர். நயினார்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தவரும்கூட. அன்று சாயங்காலம் வெயில் இருக்கும்போதே விழுப்புரம் அணிக்கென்று தனி வரிசையில் தனிச் சாப்பாடு வந்தது. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. மற்ற மாவட்டப் பெண்களுக்குக் கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை பின்னாலிருந்து வந்துகொண்டே இருக்க, இவர்கள் பூசணிக்காய் சாம்பாரை ஊற்றிக்கொண்டார்கள். காலையில் அவித்த முட்டையும் நின்றுபோனது. வானூரிலிருந்து வந்த வீரம்மாள் தட்டைப் பார்த்து நிஜமாகவே அழுதாள். “இவளுக்காக நான் ஏன்டி நயினாரு ஆவணும்?” என்று கேட்டாள். கேப்டன் முறைத்த முறைப்பில் அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஆனால் அந்த அணி அந்தப் போட்டியில் கடைசி வரைக்கும் போயிற்று. இறுதி ஆட்டத்தில் ஜெயமதி பெனால்டி ஒன்றைப் பாய்ந்து தட்டிவிட்டதும் முதலில் ஓடிவந்து மேலே விழுந்தவள் வீரம்மாள்தான். அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் விழுப்புரம் அணி பொழுதோடுதான் சாப்பிட்டது, யாரும் சொல்லாமலே. இருபத்து மூன்று வயதில் கல்யாணமாகிப் பந்தை விட்டபின், எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறாள் ஜெயமதி. அந்தப் பூசணிக்காய் சாம்பாருக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

வருவதாகப் போனில் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமை கலையரசி வந்தாள். மதியமே வந்திருக்க வேண்டியவள், ரோட்டு வேலை நடக்கிற இடத்தில் பஸ் மாட்டிக்கொண்டதால் வெயில் தாழ்ந்தபிறகுதான் வந்து சேர்ந்தாள். ஹர்ஷினி பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாள். வாசலில் வைத்தே ஜெயமதியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தோளைத் தட்டிப் பார்த்து, “எளச்சிட்டியே” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஜெயமதி இரண்டு மாதமாக ஓடினாள் என்பது கலையரசிக்குத் தெரியாது. பையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து ரிஷபிடம் நீட்டினாள். மல்லாட்டை மண்டிக்காரர் வீட்டுக்கு மல்லாட்டை.

“எங்க கொல்லியில வெளஞ்சதுண்ணா. உங்களுக்குக் கொண்டாறது தப்புதான். வெறுங்கையோட வரக்கூடாதுன்னு அப்பா குடுத்துட்டாரு.”

ரிஷப் ஒரு காயை உடைத்து, பருப்பை விரலில் உருட்டிப் பார்த்து, “நல்ல ரகம்” என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய வரவேற்பு யாருக்கும் கிடைத்ததில்லை.

பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் ஜெயமதி உடனே இலை போட்டாள். இருவரையும் உட்காரவைத்துப் பரிமாறினாள். தான் பிறகு உட்காரலாம் என்று நினைத்தாள். கலையரசி சாப்பிட்டுக்கொண்டே கிளப்பைப் பற்றிச் சொன்னாள். பெரிய பெரிய ஊர்க் கிளப்புகளோடு மோதப்போகிறார்கள், டிவியில் வரும், முதல் சீசனிலேயே கீழே தள்ளப்படாமல் நின்றுவிட்டால் போதும் என்று வேண்டாத தெய்வமில்லை. ஜெயமதி கேட்டுக்கொண்டே கூட்டு வைத்தாள்.

“அதான் ஜெயா, நீ வந்தீன்னா நல்லாருக்கும்.”

“வர்றேன்” என்றாள் ஜெயமதி. கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம் என்று உடனே நினைத்துக்கொண்டாள். ரிஷப் தலையைக் குனிந்து சிரித்தார்.

கலையரசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “தோ பாரு, இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. பொண்ணுங்க ராத்திரியில பரோட்டா, பிரியாணின்னு போன்ல ஆர்டர் பண்ணித் தின்னுக்கினு இருக்குதுங்க. காலையில ப்ராக்டீஸ்ல ஒருத்திக்கும் காலு எழும்ப மாட்டேங்குது. டாக்டர் ஒருத்தரு வந்து, சீக்கிரமா சாப்புடணும், லைட்டா சாப்புடணும்னு கிளாஸ் எடுத்தாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. இத எங்க ஜெயமதி அப்பவே எங்களுக்குப் பழக்கிட்டாளேன்னு. கோச்சுகிட்ட உன்னப் பத்தித்தான் சொல்லி வச்சிருக்கேன். மெஸ்ஸு மொத்தமும் உன் பொறுப்பு. என்னா போடணும், எப்ப போடணும், எல்லாம் நீ வச்சதுதான் சட்டம்.”

ஜெயமதியின் கை கரண்டியோடு நின்றது. பிறகு அதுபாட்டுக்குச் சாதத்தை எடுத்து ரிஷபின் இலையில் வைத்தது. அவர் போதும் என்று சொல்லவில்லை.

“அப்போ கோல்ல யாரு நிப்பாங்க?” என்று கேட்டார் அவர்.

“அதுக்கு மணிப்பூர்லேர்ந்து ஒரு பொண்ண எடுத்திருக்கோம்ணா. பத்தொம்பது வயசுதான். என்னா பாய்ச்சல்ன்றீங்க.”

“இவ டெய்லி ஏரிக்கரையில ஓடிக்கினு இருக்கா. பந்து பிடிக்கிறதுக்குத்தான் கூப்புடுறீங்கன்னு…”

“அத எதுக்கு இப்ப சொல்றீங்க” என்றாள் ஜெயமதி.

கலையரசி சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். உள்கொடியில் அந்தக் கையுறைகள் தொங்கின. எழுந்து போய்க் கைகழுவிக்கொண்டு வந்து நின்றாள். ஜெயமதிக்கு அவமானமாக இருந்தது. புருஷன் முன்னால் ஆனது அதைவிட அவமானம். ஊருக்குப் பயந்து பொய் சொல்லி, முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்து, இல்லாத ஓர் அழைப்புக்காகத் தயாராகியிருக்கிறாள். சிரித்து மழுப்பிவிட முடியும். மெஸ்ஸுக்கு வருகிறேன் என்று சொன்னால்கூட யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. ஆனால் மனசு ஒப்பவில்லை.

“திண்டுக்கல்ல நான் பெனால்டி தடுத்தது ஞாபகம் இருக்குதா உனக்கு?”

“இருக்குது.”

“அத வுட்டுட்டு சாம்பார ஞாபகம் வச்சிக்கினு வந்திருக்கே.”

கலையரசி ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “தடுத்தவளக் கூப்புட எனக்கு மட்டும் ஆச இல்லியா? நீதான் கல்யாணப் பத்திரிகையோட வந்து நின்னே. இனிமே ஆட மாட்டேன் கலை, என்ன யாரும் கூப்புடாதீங்கன்னே. நான் அன்னைக்கு விழுப்புரம் ஸ்டேஷன்ல உக்காந்து எவ்ளோ நேரம் அழுதேன்னு உனக்குத் தெரியாது. மறுபடி உன்ன எப்பிடியாவது பக்கத்துல கொண்டாந்து வச்சிக்கணும்னு பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச வழி சோறுதான்.”

தெருவில் யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போனதும் ஜெயமதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒரு டீமுக்கு ஒரே கீப்பரா?” என்றாள் ஜெயமதி.

“ரெண்டாவது கீப்பரு இன்னும் எடுக்கல. ஆனா ஜெயா…”

“நீ பாத்து சொன்னா கோச்சு கேப்பாரா?”

“கேப்பாரு. அதனாலதான் நான் பொய் சொல்ல முடியாது.”

“யாரு உன்னப் பொய் சொல்லச் சொன்னா? கெளம்பு, கிரவுண்டுக்குப் போலாம்.”

ரிஷப் வாசலுக்குப் போய் மேற்கே பார்த்துவிட்டு வந்தார். “பொழுது போயிடும். ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போ.”

“காலையில பாத்துக்கறேன்.”

அவர் வற்புறுத்தவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இனிமேல் விடியும்வரை அதுவும் கிடையாது. ஜெயமதி நின்றபடியே அண்ணாந்து முழுவதையும் குடித்தாள். கையுறைகளை உருவி, ஹர்ஷினியின் கட்டிலுக்கு அடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். எதிர்வீட்டு வெள்ளையம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் கும்பல் கலைந்து போயிருந்தது. கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. பந்து உள்ளே போனால் மதில் சுவர்வரை ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். ஜெயமதி கம்பங்களுக்கு நடுவே நின்று மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தாள். இத்தனை அகலமாகவா இருந்தது என்று ஒரு கணம் பயமாக இருந்தது. கலையரசி பெனால்டி இடத்தில் பந்தை வைத்து, செருப்புக்காலால் தள்ளிவிட்டாள். அது உருண்டு வந்து ஜெயமதியின் கையில் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படித்தான்.

“என்னா, ஹர்ஷினிக்குப் போட்டு வெளையாடுறியா?”

மூன்றாவது கொஞ்சம் வேகமாக வந்தது. எந்தப் பக்கம் என்று ஜெயமதிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் உடம்பு ஒரு நொடி பிந்தித்தான் கிளம்பிற்று. விழுந்த இடத்திலிருந்து பார்த்தபோது பந்து சுவரில் மோதித் திரும்பி நின்றுகொண்டிருந்தது. எழுந்து ஓடிப்போய் எடுத்துவந்தாள். நான்காவதும் போயிற்று. மறுபடி ஓடினாள். ஐந்தாவதில் விரல் நுனி பட்டது, பந்து கம்பத்தில் அடித்து வெளியே போயிற்று. அந்த ஒரு தொடுகை கை முழுக்க ஜிவ்வென்று ஏறிற்று. திண்டுக்கல்லுக்குப் பிறகு அப்படி ஒன்று அவளுக்கு நேர்ந்ததே இல்லை என்று சத்தியம் செய்வாள். முழங்கை சிராய்த்து எரிந்தது. கலையரசி பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை.

“போதும் ஜெயா. இருட்டிக்கினு வருது.”

“நீ இன்னும் ஒண்ணுகூட ஒழுங்கா அடிக்கல.”

“அடிபட்டுடப் போவுது. கொழந்த வச்சிருக்கே.”

“பாவம் பாத்து அடிக்கிறதுக்கா இவ்ளோ தூரம் கூட்டியாந்தேன்? அந்த மணிப்பூர் பொண்ணுக்கு எப்பிடி அடிப்பியோ அப்பிடி அடி. வாணாம்னா வாணாம்னு சொல்லிட்டுப் போ. தாங்கிக்குவேன்.”

கலையரசி இடுப்பில் கைவைத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து செருப்பின் வாரைக் கழற்றினாள். இரண்டையும் ஓரமாக வைத்து, அதன்மேல் போனை வைத்தாள். துப்பட்டாவை இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்தாள். பந்தை எடுத்துத் தொடையில் துடைத்து, மண்ணைக் கட்டைவிரலால் குழித்து, அதில் வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். முன்னே எடுத்துக்கொண்ட தூரத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. பாதி மைதானம் வந்ததும்தான் திரும்பினாள். அந்த மங்கலிலும் முகம் தெரிந்தது. அதில் சிநேகமும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஜெயமதி கால்களை அகட்டி, முட்டியை மடக்கி, பெரிய ஆரஞ்சுக் கைகள் இரண்டையும் விரித்தாள். கலையரசி வெறுங்காலோடு ஓடிவரத் தொடங்கினாள்.